அந்தப் பையனின் பெயர் என்ன?

கேள்வி: அப்பா எங்களோடுதான் இருக்கிறார். எந்நேரமும் டி.வி. விவாதம், போனில் வரும் செய்திகள். மதம், அரசியல் என்று அவருக்கும் என் கணவருக்கும் தினமும் வாக்குவாதம். நான் நடுவில் பேசுவதில்லை. போன வாரம் என் மகன் (9 வயது) வேறு மதத்து நண்பனைக் கூட்டிவந்தான். தாத்தாவிடம் அவன் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டான். அந்தப் பையனும் போகும்வரை அந்தப் பெயருக்கே பதில் சொன்னான். நல்லவேளை, பிரச்சினை வரவில்லை. இவர்கள் இருவரும் வீட்டில் அரசியல் பேசாமல் இருக்க என்ன வழி?

பதில்: அந்த வாக்குவாதத்தை விட்டுத் தள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ‘நல்லவேளை’ என்கிற ஒரு சொல்தான்.

ஒன்பது வயதுப் பிள்ளை வாசலில் நின்று, உள்ளே இருக்கும் தாத்தாவின் முகத்தை யோசித்துப் பார்த்து, நண்பனுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறான். யார் சொல்லிக் கொடுத்தது? தாத்தா பேசுவதையும் நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதையும் தினமும் பார்க்கிறானே, அதுவே போதாதா? அந்த இன்னொரு பிள்ளையை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை. யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட, “என்ன தாத்தா?” என்று திரும்பியிருக்கிறான். அம்மா அப்பா வைத்த பெயர் இந்த வீட்டுக்குள் செல்லாது என்று அந்தப் பிஞ்சுக்குப் புரிந்துவிட்டது. இதில் நல்லவேளை எங்கே வந்தது?

லெபனானைப் பாருங்கள். 1943-ல் அங்கே ஓர் உடன்பாடு: ஜனாதிபதி மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சன்னி முஸ்லிம், சபாநாயகர் ஷியா முஸ்லிம். எல்லோருக்கும் பங்கு இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். ஆனால் யார் எந்தப் பிரிவு என்பது அடையாள அட்டையிலேயே இருந்தது. 1975-ல் உள்நாட்டுப் போர் வெடித்ததும் தலைநகர் பெய்ரூட்டின் சாலைகளில் வண்டிகளை மறித்து அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஆளைக் கொன்றார்கள். அந்த டிசம்பர் 6-ஐ இன்றும் ‘கறுப்புச் சனிக்கிழமை’ என்றுதான் சொல்கிறார்கள். அது எங்கேயோ, என் வீடு எங்கேயோ என்பீர்கள். சரி. ஆனால் பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற பழக்கம் எந்த ஊரிலும் வீட்டுக்குள்தான் முளைக்கிறது.

மதத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பிரார்த்தனை இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. உங்கள் அப்பாவின் பக்திமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த விவாதங்களில் அவர் கேட்பது ஓட்டுக் கணக்கு. நம்ம ஆள் எத்தனை, அவங்க ஆள் எத்தனை. கடவுள் பேச்சே அதில் கிடையாது.

பெற்றவரை எதிர்த்துப் பேசுவதா என்று தயங்குவீர்கள். அவரைக் கடைசிவரை வைத்துப் பார்ப்பது உங்கள் கடமை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காக, அவருடைய தவறைப் பேரன் பொய் சொல்லி மூடி மறைக்கும்படி விடுவீர்களா? அவர் உங்கள் அப்பா. கணவரைப் பேசவிட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கியது போதும்.

வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்ட்களும் மோதிக்கொண்டிருந்த காலம். 1981-ல், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. முதலான அமைப்புகளின் கைதிகள் 10 பேர் சிறையில் உண்ணாவிரதமிருந்து செத்தார்கள். ஊர் கொதித்துக் கிடந்தது. அதே ஆண்டில்தான் பெல்ஃபாஸ்டில் சில பெற்றோர், கத்தோலிக்கப் பிள்ளைகளையும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்க ‘லகன் கல்லூரி’ என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். முதலில் சேர்ந்தவர்கள் 28 பேர். சமாதான உடன்படிக்கை வந்தது 1998-ல். பெரியவர்கள் சமாதானம் ஆகட்டும் என்று அவர்கள் காத்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கே பிள்ளை பிறந்திருக்கும்.

உங்களைப் பள்ளிக்கூடம் கட்டச் சொல்லவில்லை. இன்றைக்கு டி.வி.யை அணைத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருங்கள். “அப்பா, அன்னைக்கு வந்த பையனோட பேர் அது இல்ல. உங்களுக்குப் பயந்து உங்க பேரன் மாத்திச் சொன்னான்” என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும், எழுந்து போய்விடாதீர்கள். பிறகு அந்தப் பையனின் அம்மாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அவனை மறுபடி வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அப்பா கூடத்தில் இருக்கும்போதே, அவருக்குக் கேட்கும்படி, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரை நீங்களும் எனக்கு எழுதவில்லை.