சின்ன ஊர், ஒரே அரசு மழலையர் பள்ளி: தரத்தை எப்படி அளப்பது? (கேள்வி பதில்)

கேள்வி: போன வருடம் 75 சதவீதம் பிள்ளைகள் 'ஒன்றாம் வகுப்புக்குத் தயார்' என்றார்கள். இந்த வருடம் 58 தான். பள்ளி சரிந்துவிட்டதா?

பதில்: முதலில் தலையை எண்ணுங்கள். வகுப்பில் 12 பேர் என்றால் 75 சதவீதம் என்பது 9 பேர், 58 என்பது 7 பேர். இரண்டு பிள்ளைகள் சோதனையன்று காய்ச்சலோடு வந்திருந்தாலே இந்தச் சரிவு வந்துவிடும். மூன்று வருடக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சேரும்போது எப்படி இருந்தார்கள், முடிக்கும்போது எப்படி இருந்தார்கள் என்று அதே பிள்ளைகளை ஒப்பிடுங்கள். வயதை மாதக் கணக்கில் கேளுங்கள்: 48 மாதப் பிள்ளையும் 59 மாதப் பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள், ஆனால் பேச்சிலும் கைப்பிடியிலும் நிறைய வித்தியாசம் தெரியும்.

கேள்வி: அப்படியானால் நேரில் போய் எதைப் பார்ப்பது?

பதில்: ஒரு மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். சுவரில் ஒட்டிய படங்களை விடுங்கள், காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கட்டை அடுக்கும் பிள்ளை "விழுந்துடுச்சு" என்கிறாள். "சரி, எடுத்து வை" என்று நகர்ந்துவிடும் ஆசிரியர் ஒரு ரகம். "பெரிய கட்டை மேலே இருந்துச்சா, கீழே இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பவர் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது வகைப் பேச்சு 20 நிமிடத்தில் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள்.

வரிசையில் வீணாகும் நேரத்தையும் குறியுங்கள். ஒரே குழாய், 18 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளை 17 நிமிடம் சும்மா நிற்கிறது. அடிதடி ஆரம்பிப்பதும் அங்கேதான். நாலைந்து பேராகப் பிரித்து அனுப்பினால் தீர்ந்தது.

கேள்வி: ஆசிரியர் விகிதம்?

பதில்: வகுப்புக்கு 20 பேருக்கு மேல் வேண்டாம், 10 பேருக்கு ஒரு பெரியவர்: அமெரிக்காவில் பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது. ஏட்டில் இரண்டு பேர் இருந்து, ஒருவர் பாதி நாள் அலுவலக வேலையில் இருந்தால் அது ஒருவர்தான்.

கேள்வி: இரண்டு மூன்று வருடத்தில் மழலையர் பள்ளிக்குப் போனவன், போகாதவன் எல்லாம் ஒன்றாகிவிடுகிறார்களாமே?

பதில்: எந்தப் பள்ளி என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962 முதல் 67 வரை நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வில் 123 பிள்ளைகள், வகுப்புக்கு வந்தவர்கள் 58 பேர், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் கிடைத்த முன்னிலை சீக்கிரம் கரைந்தது. ஆனால் பெரியவர்களான பிறகு, வகுப்புக்கு வந்தவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். அங்கே ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், வாரந்தோறும் வீட்டுக்கும் போனார். அமெரிக்காவிலேயே டென்னசி மாநிலம் முழுக்க நடத்திய மழலையர் பள்ளித் திட்டத்திலோ, போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடப் பின்தங்கியதாக 2022-இல் முடிவு வந்தது. இரண்டும் இலவசம்தான், பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் எல்லோருக்கும் முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினாலும் முன்னிலை கரையும், அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: நிர்வாகத்திடம் கேட்க ஒரே ஓர் எண் சொல்லுங்கள்.

பதில்: பத்தில் ஒரு நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர்? சராசரி வருகையைக் கேட்காதீர்கள். 11 பேர் 97 சதவீதம், ஒருவன் 40 சதவீதம் வந்தாலும் சராசரி 92 என்று அழகாக நிற்கும். அந்த ஒருவன் அதற்குள் ஒளிந்துகொள்வான்.