அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை முதலில் தேடி எடுங்கள்

கேள்வி: குவைத்தில் ஒரு கம்பெனியில் டிரைவராக 9 வருடம் 2 மாதமாக வேலை செய்கிறேன். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தனியாக இருக்கிறார். வயது 74. 1970-இல் ராணுவத்தில் சேர்ந்து, 1979-இல் குடும்பச் சூழ்நிலையால் தானே எழுதிக் கொடுத்துவிட்டு நாயக்காக வெளியே வந்தவர். பென்ஷன் கிடையாது. அம்மா காலமாகிவிட்டார். தங்கை கல்யாணமாகி மலேசியாவில் இருக்கிறாள். எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, 5 மாதமாகத் தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். டாக்டர் வாரம் 3 முறை வரச் சொன்னாராம். காசை மிச்சம் பிடிக்க 2 முறைதான் போகிறார் என்பது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடன் இன்னும் அடையவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா?
(பெயர் வேண்டாம், குவைத்)

பதில்: இப்போதைக்கு ராஜினாமா வேண்டாம். ஆனால் உடனே 30 நாள் லீவு போட்டு வாருங்கள். பணத்தை அங்கிருந்து அனுப்பிவிடலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகம் ஏறி இறங்க ஆள் வேண்டும், அவர் எழுந்து நடக்கும்போதே அது நடக்க வேண்டும்.

இன்று இரவே அப்பாவிடம் பேசி மூன்றாவது டயாலிசிஸைத் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு முறை தவறினால் வெளியேற வேண்டிய நீர் நுரையீரலில் சேர்ந்து மூச்சுத் திணறும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பே இல்லாமல் இதயம் நின்றுவிடக்கூடும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இடைவெளி நீளும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அவர் மிச்சம் பிடிப்பது வாரம் 1,500 ரூபாய்.

அந்தக் காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்கலாம். வாரம் மூன்று முறை என்றால் ஆண்டுக்கு 2,34,000 ரூபாய், ஊசி மருந்து தனி. எந்த உதவித்தொகையும் இதை முழுதாகத் தாங்காது. அதனால் சிகிச்சையையே அரசு மருத்துவமனைக்கோ, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்கோ மாற்றுங்கள். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். வீட்டுக்கு அருகில் டயாலிசிஸ் பிரிவு உள்ள அரசு மருத்துவமனை எது என்றும் அங்கேயே விசாரியுங்கள். ஷிப்டில் இடம் கிடைப்பதுதான் கஷ்டம். போகும்போது சமீபத்திய ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், டயாலிசிஸ் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையில் இருக்கட்டும். பி, சி முடிவு தெரியாமல் எந்த மெஷின் என்று ஒதுக்க மாட்டார்கள். இடம் உறுதியாகும் வரை தனியாரில் நிறுத்தாதீர்கள்.

காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அப்பாவை நேரில் அழைத்துப் போங்கள். உங்கள் பெயரும் தங்கை பெயரும் இன்னும் அந்த ரேஷன் கார்டில் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர் கார்டில் கிடந்து வருமானச் சான்று சிக்கலாவது அடிக்கடி நடக்கிறது. சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்யும் டயாலிசிஸும் உண்டு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் தினமும் மூன்று நான்கு முறை சுத்தமாகக் கை கழுவி, தானே பை மாற்ற வேண்டும். பார்வை மங்கி, கை நடுங்கும் வயதில் தனியாக இருப்பவருக்கு இதில் தொற்று பயம் அதிகம். உடன் ஆள் இல்லாதவரை இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

இனி அப்பாவுக்கு ராணுவம் வழியாக வர வேண்டியது. பென்ஷன் இல்லை என்பதால் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் அவருக்குக் கிடைக்காது. ஆனால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி இருக்கிறது. 1979-இல் தானே கேட்டு வெளியே வந்திருந்தாலும் 5 ஆண்டுக்கு மேல் பணி செய்திருப்பதால் அது போகாது. இதற்கெல்லாம் ஆதாரம், ராணுவத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புக். டிரங்குப் பெட்டியின் அடியில் தேடுங்கள். கிடைத்ததும் சேர்ந்த தேதி, விடுவிப்புத் தேதி, காரணம் மூன்றையும் பாருங்கள். காரணம் உடல்நலக் குறைவு என்று இருந்தாலோ, ரிசர்வுக்கு (தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் பட்டியலுக்கு) மாற்றியதாகப் பதிவு இருந்தாலோ, பென்ஷனுக்கே வழி இருக்கலாம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைக் காட்டிக் கேளுங்கள். புத்தகம் தொலைந்திருந்தால் ஆர்மி நம்பரை வைத்து, அவருடைய படைப்பிரிவின் பதிவேடுகள் இருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அடையாள அட்டை போட்டுக்கொண்டு, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட அலுவலகம் அசல்களைச் சரிபார்த்துப் பரிந்துரைக்கும். விண்ணப்பங்கள் இரண்டு. டயாலிசிஸுக்கு, அதிகாரி அல்லாதவர்களுக்குச் செலவில் 90 சதவீதம், ஒரு நிதியாண்டுக்கு 75,000 ரூபாய் வரை. இந்த 5 மாத அசல் பில்களை ஒன்று விடாமல் சேர்த்து வையுங்கள். மற்றொன்று, ஹவில்தார் வரையிலான (நாயக் அதற்குக் கீழ்தான்), பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்தவர்களுக்கான மாத உதவி. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 8,000 ரூபாய். சிகிச்சை அரசுப் பக்கம் போய்விட்டால் இந்த 8,000 ஆட்டோவுக்கும் துணைக்கு வருபவருக்கும் ஆகும். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தனியாக பஸ் ஏற விடவே கூடாது.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் பெயரால்தான். டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு இனிஷியல், பாஸ்புக்கில் இன்னொன்று. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் டிஸ்சார்ஜ் புக்குக்கு ஏற்ப மாற்றுங்கள். ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் பதிவை மாற்றக் கிளம்பினால் மாதங்கள் ஓடிவிடும்.

அப்பா “யார்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்” என்பார். 71 போர்க் காலத்தில் சீருடையில் இருந்தவர் அப்படித்தான் பேசுவார். இந்தப் பணம் கொடி நாள் நிதியிலிருந்து வருகிறது என்று சொல்லுங்கள். ஒவ்வொரு டிசம்பர் 7-லும் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொடி குத்தி உண்டியலில் போடும் காசு அவரைப் போன்றவர்களுக்கென்றே சேர்க்கப்படுவது.

உங்கள் வேலைக்கு வருவோம். குவைத் தொழிலாளர் சட்டப்படி, 5 ஆண்டு முடிந்து 10 ஆண்டுக்குள் ராஜினாமா செய்தால் பணிக்கொடையில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 ஆண்டு முடிந்தால் முழுதும். உங்களுக்கு இன்னும் 10 மாதம். மாதச் சம்பளக்காரர் 3 மாத நோட்டீஸ் தர வேண்டும். ஊரில் 6 மாதத்துக்கு மேல் தங்கினால் குவைத்தில் தங்கும் அனுமதியான இகாமா போய்விடும். இந்த லீவில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, 10 ஆண்டு முடிந்ததும் கணக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்குள் அப்பா உடல்நிலை இறங்கினால் இந்தக் கணக்கை எல்லாம் பார்க்காதீர்கள்.

திரும்பிப் போன பிறகு தினமும் வீடியோ காலில் மூன்று கேள்வி கேளுங்கள். இன்று எடை எவ்வளவு? எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? முந்தைய நாள் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு, டாக்டர் சொன்னதே இறுதி. காலையில் பாட்டிலில் அளந்து வைத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்வி, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் அதிர்வு இருக்கிறதா? மணிக்கட்டில் விரல் வைத்தால் பூனை உறுமுவது போல மெல்லத் துடிக்கும். அது நின்றிருந்தால் காலை வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனை. அந்தக் கையில் ஊசியோ பி.பி. பட்டையோ போட விடக்கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் ஒன்று சொல்லுங்கள். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்பாக இளநீரும் வாழைப்பழமும் கொண்டுவருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம், உங்கள் அப்பாவுக்கு ஆகாது. ‘சோடியம் குறைந்தது’ என்று விற்கும் உப்பும் வேண்டாம், அதிலும் பொட்டாசியம்தான்.