வரி கட்டுபவர் யார்? வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஆடிட்டரின் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோபமாகவே இருந்தன. 'நான் கட்டுகிறேன், அவன் கட்டுவதில்லை' என்பதுதான் எல்லாவற்றிலும் அடிநாதம். அந்த 'அவன்' மட்டும் கேள்விக்குக் கேள்வி மாறுகிறான். கீழே வரும் வருமான வரிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறைப்படி போட்டவை.

ஆண்டுக்கு 24 லட்சம் சம்பளம் வாங்குகிறேன். 25 சதவீதம் வரியாகப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா ஒரு ரூபாய் வரி கட்டுவதில்லை. பஸ் இலவசம், ரேஷன் அரிசி இலவசம். உழைத்து முன்னேறியதற்கு இது தண்டனை இல்லையா? (சோழிங்கநல்லூர் வாசகர்)

முதலில் உங்கள் கணக்கைப் பார்த்துவிடலாம். சம்பளக்காரர் எல்லாருக்கும் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 போனால் 23.25 லட்சம். அதற்கு வரி 2,81,250. வரியின் மேல் வரும் செஸ் 4% சேர்த்து 2,92,500. மாதம் 24,375 ரூபாய். சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். ஆனால் சம்பளத்தில் அது நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம்தான். 25% என்பது உங்கள் வருமானத்தின் கடைசி மூன்றேகால் லட்சத்துக்கு மட்டும். வருமானத்தை அடுக்கடுக்காகப் பிரித்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு விகிதம் போடுவதுதான் ஸ்லாப். இருபது ஆண்டு சர்வீஸ் ஆனவர்கள்கூட இந்த விஷயத்தில் குழம்புகிறார்கள், அதனால் வருத்தப்பட வேண்டாம்.

அடுத்து அந்த அம்மா. அவரும் வரி கட்டுகிறார். உங்களுக்குக் கம்பெனி கொடுக்கும் வரிச் சான்றிதழான ஃபார்ம் 16 போல அவர் கட்டும் வரிக்கு யாரும் எதுவும் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். 299 ரூபாய்க்குப் போன் ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. நீங்கள் செய்தாலும் அதே 45 ரூபாய். பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசிப் பைக்கு, 25 கிலோ வரை, 2022 ஜூலையிலிருந்து 5%. (கடைகளில் திடீரென்று 26 கிலோ பை முளைத்தது எதனால் என்று இப்போது புரியும்.) சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகியவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 வரை 18% கட்டிக்கொண்டிருந்தார். இப்போது 5%. தாமதமாக வந்தாலும் நல்ல வேலை. பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டிக்குள் வரவே இல்லை. மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் வாட் வரியும் அதில் தனித்தனியாக உண்டு. காய்கறி லாரியின் டீசல் செலவு காய்கறி விலையில்தான் வந்து உட்காரும்.

நீங்கள் சம்பளத்தில் பாதியைச் சேமிக்க முடியும். சேமித்த பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அவருக்கு வருவதெல்லாம் மாதக் கடைசிக்குள் செலவாகிவிடும். அதனால் சம்பளத்தில் எத்தனை பங்கு கடைக்காரர் வழியாக வரியாகப் போகிறது என்று பார்த்தால் அவர் பங்குதான் பெரிது.

கோபப்பட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் மேலே பாருங்கள். ஒருவர் 2 கோடி சம்பளம் வாங்கினால் ஏறக்குறைய 66 லட்சம் வரி. இன்னொருவர் எந்த வேலையும் பார்க்காமல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்று அதே 2 கோடி லாபம் பார்த்தால் 29 லட்சம் சொச்சம். பாதிகூட இல்லை. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5% தான், பெரிய வருமானம் என்றால் வரியின் மேல் கூடுதலாக வரும் சர்சார்ஜுக்கும் 15% என்று உச்சவரம்பு. 'கம்பெனி ஏற்கெனவே லாபத்துக்கு வரி கட்டிவிட்டதே' என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனி வரியின் அடிப்படை விகிதமும் 2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு, 22% ஆனது. 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு இருந்த 37% சர்சார்ஜையும் 2023 பட்ஜெட் புதிய முறையில் 25% ஆக்கியது. அவர்களின் உச்ச வரி 42.74 சதவீதத்திலிருந்து 39 ஆக இறங்கியது. அந்த அம்மாவின் பஸ் டிக்கெட்டைவிட இதெல்லாம் பெரிய தொகை.

சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை. இன்கிரிமென்ட் வந்து 12.85 லட்சம் ஆனால் 60,000 ரூபாய்க்கு மேல் வரி வருமாமே? வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா? (கோவை)

ஐயோ, வேண்டாம். இதற்குத்தான் விளிம்பு நிவாரணம் இருக்கிறது. கழிவு போக உங்கள் வருமானம் 12.10 லட்சம். ஸ்லாப்படி வரி 61,500. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதற்கு மேல் வரி கேட்கமாட்டார்கள். அதாவது 10,000. செஸ் சேர்த்து 10,400. ஆக, பத்தாயிரம் இன்கிரிமென்ட்டில் உங்களுக்கு 400 ரூபாய் நஷ்டம். அதற்காக அடுத்த பத்து ஆண்டுச் சம்பள உயர்வின் அடித்தளத்தை இழப்பார்களா?

ஒரு எச்சரிக்கை. பங்கு விற்ற லாபம் இருந்தால் அதற்கு, 12 லட்சம் வரை வரியே இல்லாமல் செய்யும் இந்தத் தள்ளுபடி கிடையாது. அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கிண்டியில் ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலை. மாதம் 15,000. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொழில் வரி 1,250 பிடிக்கிறார்கள். எங்கள் ஜெனரல் மேனேஜருக்கும் அதே 1,250 தான் என்று அக்கவுன்ட்ஸ் பிரிவில் சொன்னார்கள். உண்மையா? (அம்பத்தூர் வாசகி)

உண்மைதான் அம்மா. இந்த மாதம் வந்ததில் இதுதான் சரியான கேள்வி.

சென்னை மாநகராட்சியில் ஆறு மாத வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் உச்ச வரி 1,250. உங்களுக்கு ஆறு மாதத்துக்கு 90,000 வருகிறது, தாண்டிவிட்டீர்கள். மாதம் 3 லட்சம் வாங்குபவரும் அதே படியில்தான் நிற்கிறார். ஆண்டுக்கு உங்கள் சம்பளத்தில் 1.39% இந்த வரிக்குப் போகிறது. அவருக்கு 0.07%. சம்பளத்தின் பங்காகப் பார்த்தால் நீங்கள் அவரைப்போல இருபது மடங்கு கட்டுகிறீர்கள்.

மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை. தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவே சொல்கிறது. தொடக்கத்தில் 250 ஆக இருந்த வரம்பை 1988இல் 2,500 ஆக்கினார்கள். அப்புறம் தொடவே இல்லை. அன்றைக்கு மாதம் 15,000 வாங்கியவர் பெரிய அதிகாரி. இன்றைக்கு அது தையல் கூலி. மேலே கூரை நகராததால் கீழே இருப்பவர்கள் எல்லாரும் அதில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தீர்வு நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது. அதுவரை கீழ்ப்படிகளின் எல்லையை உயர்த்துவதாவது உள்ளாட்சியும் மாநில அரசும் செய்யக்கூடியது என்பது என் கருத்து.

கிரெடிட் கார்டில் 80,000 பாக்கி. மாதம் தவறாமல் மினிமம் டியூ 4,000 கட்டுகிறேன். ஒன்றரை ஆண்டாகியும் பாக்கி குறையவே இல்லை. வங்கி ஏமாற்றுகிறதா? (திருச்சி)

ஏமாற்றவில்லை. ஸ்டேட்மென்ட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கும். மாத வட்டி 3.5% என்று வைத்துக்கொள்ளுங்கள், பல கார்டுகளில் அப்படித்தான். 80,000க்கு வட்டி 2,800. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, 504. ஆக 3,304. நீங்கள் கட்டும் நாலாயிரத்தில் அசலுக்குப் போவது 696 ரூபாய். இதற்கு நடுவில் அதே கார்டில் மளிகை வாங்கியிருப்பீர்கள். பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அந்த 504 ரூபாயைக் கவனியுங்கள். வீட்டுக்கடன் வட்டிக்கோ நகைக்கடன் வட்டிக்கோ ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு உண்டு. முழுத் தொகையையும் கட்டிவிடும் வசதிக்காரருக்கு வட்டியும் இல்லை, வட்டி மீது வரியும் இல்லை. கையில் காசு இல்லாதவர் கடனுக்கும் வரி கட்டுகிறார். நியாயமா என்று கேட்டால், இல்லை.

ஆனால் அது மாறும் வரை காத்திருந்தால் உங்கள் கதை முடிந்துவிடும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து 80,000 வாங்கி இன்றே கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள். மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குள்ளேயே வட்டி முடிந்துவிடும். அதே 4,000 ரூபாயை நகைக்கடனுக்கு மாதாமாதம் கட்டினால் இரண்டு ஆண்டில் நகை வீட்டுக்கு வந்துவிடும். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கம் வேண்டாம். நகை இல்லையென்றால் வங்கியில் தனிநபர் கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அதுவும் கார்டைவிட மலிவுதான். கார்டை வெட்டிப் போடுவது உங்கள் விருப்பம். ஆடிட்டர் ஆன பிறகும் நானே ஒரு முறை மினிமம் டியூவில் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். பின்பக்கத்தைப் படிக்காததுதான் காரணம், பிறகு வெட்டித்தான் போட்டேன்.

ஒரு ஏஜென்ட் பழைய முறையில் ரிட்டர்ன் போட்டு, கட்சி நன்கொடை, வாடகை என்று ஏதேதோ காட்டி 48,000 ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார். 8,000 கமிஷன். நான் எந்தக் கட்சிக்கும் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. 'எல்லாரும் செய்கிறார்கள்' என்கிறார். பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பயப்பட வேண்டிய விஷயம்தான். 2025 ஜூலையில் வருமான வரித் துறை இப்படிப்பட்ட பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது. ஏஜென்ட் போட்டாலும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. தவறான தகவல் என்று முடிவானால் ஏய்த்த வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் வரலாம்.

நோட்டீஸ் வரும் முன்பே திருத்திய 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டுவிடுங்கள். இதற்கு இப்போது நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. வரிக்கும் வட்டிக்கும் மேல் முதல் ஆண்டில் 25% கூடுதலாகக் கட்ட வேண்டும், பிறகு அது 50, 60, 70 என்று ஏறும். கமிஷன் போனது போனதுதான். அந்த 48,000 ரூபாயை வேறு யாரோ நேர்மையாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சோழிங்கநல்லூர்க்காரர் கோபப்பட வேண்டியது இதற்கும்தான்.

நாற்பது ஏக்கர் தென்னந்தோப்புக்காரருக்கு வருமான வரி இல்லை. அவர் தோப்பில் கணக்கு எழுதும் எனக்கு உண்டு. இது என்ன நியாயம்? (பொள்ளாச்சி)

விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனப்படி மாநிலங்களிடம் இருக்கிறது, மத்திய அரசிடம் இல்லை. பெரிய நிலவுடைமைக்கு வரி போடலாம் என்று பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தலைமையிலான குழு 1972இலேயே அறிக்கை கொடுத்தது. அதை நிறைவேற்ற எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. இரண்டு ஏக்கர்க்காரருக்குப் போட்டால் அநியாயம், நாற்பது ஏக்கர்க்காரரை விட்டாலும் அநியாயம். ஒரு வரம்பு வைத்துப் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

எல்லாமே தப்பிப்பதும் இல்லை. தோப்புக்காரருக்கு வேறு வருமானமும் இருந்தால், விவசாய வருமானத்தைச் சேர்த்துப் பார்த்துத்தான் அந்த வேறு வருமானத்தின் வரி விகிதத்தை முடிவு செய்வார்கள். நாமக்கல் கோழிப்பண்ணை விவசாயக் கணக்கில் வராது, அது வியாபாரம்.

இந்திரா காந்தி காலத்தில் 97 சதவீதம் வரி இருந்ததாமே? அதைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன? (மதுரை)

1973-74இல் உச்ச விகிதம் 97.75%. கடைசிப் படியில் ஒரு லட்சம் சம்பாதித்தால் 2,250 ரூபாய் கைக்கு மிஞ்சும். அப்படி இருந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்? அடுத்த ஆண்டே 77% ஆகக் குறைத்தார்கள். அதைவிட எனக்குக் கேட்கத் தோன்றுவது, 1953இலிருந்து இருந்து 1985இல் எடுத்துவிட்ட வாரிசுச் சொத்து வரியைப் பற்றித்தான். 2015 பட்ஜெட்டோடு செல்வ வரியும் போய்விட்டது. பெரிய சொத்து கைமாறும்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்பது எனக்கு உடன்பாடில்லை.

10 லட்சம் எஃப்டி. மனைவி பெயரில் போட்டால் வட்டிக்கு வரி இல்லைதானே? (தஞ்சாவூர்)

இல்லை. நீங்கள் கொடுத்த பணத்தில் வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அந்த வட்டியை அவர் மறுபடி முதலீடு செய்து வருவது மட்டும் அவர் கணக்கு.

அம்மாவுக்குக் கொடுங்கள், அது சட்டப்படியே செல்லும். மகன் கொடுத்த பணத்துக்கு அம்மா வரி கட்ட வேண்டாம், வட்டியும் அவர் வருமானம்தான். அறுபதைத் தாண்டியிருந்தால் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சம் வரை டிடிஎஸ், அதாவது வட்டி தரும்போதே எடுத்துக்கொள்ளும் வரி, பிடிக்கமாட்டார்கள். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், பணம் அம்மாவுடையது. நாளைக்கு அவர் அதை உங்கள் தங்கைக்கு எழுதி வைத்தால் என்னிடம் வரக்கூடாது.