மூன்றாம் நாள் வந்த வலிப்பு

வணக்கம் ஐயா,

நாங்கள் திருமங்கலம் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். தம்பிக்கு 21 வயது. ஏழு வருடமாக வலிப்பு. மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். சோடியம் வால்ப்ரோயேட் 500, காலையும் இரவும். எங்கள் பங்குக் கோயிலைச் சேராத ஒரு ஜெபக்குழுவுக்கு அம்மா அவனை அழைத்துப் போனார். அங்கே ஜெபிக்கும் பிரதர், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டு, மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்காரவைத்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் இரவு ஜெபத்தின் நடுவில் வலிப்பு வந்து விழுந்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி அமைதியாகத் தூங்கினான். ஆவி வெளியேறியது என்றார்கள். ஒரு வாரமாக மறுபடி வரவில்லை. அடுத்த மாதம் கூட்டத்தில் எல்லார் முன்னும் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி மாத்திரை கொடுத்தால் கிடைத்த சுகத்தை மறுதலிப்பதாகுமா? முறைப்படி பேயோட்டும் அதிகாரம் யாருக்கு உண்டு?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்த கையோடு தம்பியை அவனுக்கு மருந்து எழுதும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் ஊரில் இல்லையென்றால் மதுரை பெரியாஸ்பத்திரி. ஒரு வாரம் விட்டதை ஈடுகட்ட மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். வால்ப்ரோயேட் என்றால் பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடரச் சொல்வார்கள். ஆனால் கூடவே லாமோட்ரிஜின் போன்ற மாத்திரையும் இருந்தால், நாள்கணக்கில் விட்டபின் பழைய அளவில் தொடங்கக் கூடாது. தோல் கொப்புளித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் கேட்டுக்கொண்டு தொடங்கச் சொல்கிறேன்.

அந்த மூன்றாம் நாளுக்கு வருவோம். வால்ப்ரோயேட் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 9 முதல் 16 மணி நேரம் ஆகும். இப்படி ஐந்து தடவை பாதியானால் மிச்சமிருப்பது நூற்றில் மூன்று பங்கு. இரண்டிலிருந்து மூன்றரை நாளில் மருந்து வடிந்துவிடும். அதோடு சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. வலிப்புக்காரருக்குத் தூக்கம் கெடுவதைப் போல வலிப்பை இழுத்துவிடும் காரணங்கள் குறைவு. மூன்றாம் இரவு அவன் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடங்கியதிலும் அப்படித்தான். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். நம் ஊரில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள், வலிப்பு நிற்கும். உசிலம்பட்டிப் பக்கம் கோடாங்கி உடுக்கடிப்பார், நிற்கும். தலையில் கைவைத்து அதட்டினாலும் நிற்கும். பிறகு வருகிற அந்த ஆழ்ந்த தூக்கம் மூளையின் அசதி. பார்ப்பவருக்கு அது விடுதலைபோலத் தெரிகிறது. பெற்ற தாய்க்கு இன்னும் அதிகமாகத் தெரியும். அம்மாவை இதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மருந்தை நிறுத்தியபின் நோய் எத்தனை நாள் பேசாமல் இருக்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சாட்சி மேடையின் ரகசியம் பாதி இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சிறுவயதில் வரும் முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று வந்துவிடும். சாட்சி சொல்ல அவகாசமே கிடைக்காது. தைராய்டு மாத்திரை உடம்பில் பாதியாகக் குறைய ஏழு நாள். அதை விட்டவர் மூன்றாம் வாரத்தில் மேடையேறினால் தெம்பாகவே பேசுவார். டி.பி. இன்னும் மோசம். ஆறு மாத மருந்தில் முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் போய், எடை கூடத் தொடங்கிவிடும். அப்போது நிறுத்திவிட்டு சுகம் கிடைத்தது என்றால், மிச்சமிருக்கும் கிருமி திரும்பக் கிளம்பும். மருந்துக்கு அடங்காததாகவும் மாறிவிடலாம்.

உங்கள் தம்பிக்கு மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருவது ஒரு வாரம் வரவில்லை என்றால், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வலிப்பு மருத்துவர்களின் சர்வதேசச் சங்கம் 2010இல் ஒரு கணக்கு வகுத்தது. சிகிச்சைக்கு முன் இரண்டு வலிப்புகளுக்கு நடுவே இருந்த மிக நீண்ட இடைவெளியை மூன்றால் பெருக்குங்கள். அல்லது 12 மாதம். இரண்டில் எது அதிகமோ அதுவரை வராமல் இருந்தால்தான் அடங்கியது என்று பேசலாம். அவனுடைய நீண்ட இடைவெளி ஐந்து மாதம் என்றால், 15 மாதம். மருந்தை நிறுத்துவது அதற்கும் பிறகு. குறைந்தது இரண்டு வருடம் வலிப்பே இல்லாமல் இருந்தால் டாக்டர் யோசிப்பார். அப்போதும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

இனி திருச்சபை. மாத்திரை விசுவாசக் குறைவா என்ற கேள்விக்குச் சபைச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. நற்கருணை வாங்க ஒரு மணி நேரம் உண்ணாமல் இருக்க வேண்டும் என்கிற 919ஆம் சட்டம், தண்ணீருக்கும் மருந்துக்கும் விலக்கு கொடுத்துவிட்டது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. ஞாயிறு காலைப் பூசைக்காக மாத்திரையைத் தள்ளிப்போடும் பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நோயில் மன்றாடு, பிறகு மருத்துவருக்கு இடம் கொடு என்ற வரிசையில்தான் அது போகிறது. அந்தப் பிரதர் கையில் இருப்பது புராட்டஸ்டண்ட் வேதாகமம் என்றால் அதில் இந்த நூல் இராது.

அவர் மத்தேயு 17ஐக் காட்டியிருப்பார்: தீயிலும் தண்ணீரிலும் விழும் பையனிடமிருந்து இயேசு பேயை ஓட்டிய இடம். அதே மத்தேயு 4:24ஐத் திறந்து பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களில் பேய் பிடித்தவர் தனியாக, வலிப்பு நோயாளர் தனியாக, முடக்குவாதக்காரர் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறார்கள்.

பேயோட்டும் அதிகாரம் பற்றிக் கேட்டீர்கள். ஆயர் வெளிப்படையாக அனுமதி கொடுத்த குருவைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது என்கிறது சபைச் சட்டத்தின் 1172ஆம் எண். உங்களுக்கு அது மதுரைப் பேராயர். 1999இல் வெளிவந்த சடங்கு நூல், அந்தக் குருவும் உடல், மன மருத்துவம் தெரிந்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. டாக்டர் பெயர் வைத்திருக்கும் நோய்க்கு இதைக் கேட்டுப் போனால் எந்தச் சாமியாரும் உங்களை டாக்டரிடமே திருப்பி அனுப்புவார், அனுப்பவும் வேண்டும். சுகமளிக்கும் ஜெபக் கூட்டங்களுக்கும் 2000 செப்டம்பரில் வத்திக்கான் ஒரு வழிமுறை வெளியிட்டது. நடத்துகிறவர்கள் ஆவேசம், நாடகம், பரபரப்பு எதற்கும் இடம் தரக் கூடாது. சுகம் கிடைத்தது என்ற சாட்சிகளைக் கூட்டம் முடிந்தபின் கவனமாகத் திரட்டித் திருச்சபை அதிகாரியிடம் கொடுக்கலாம். தனிச்சபை நடத்துபவரை இது கட்டுப்படுத்தாதுதான். அம்மாவுக்கு இது தெரிந்திருக்கட்டும்.

ஒரு குணத்தைப் புதுமை, அதாவது அற்புதம், என்று அறிவிக்கத் திருச்சபையே எவ்வளவு தயங்குகிறது என்பதற்குப் பிரான்சில் மாதா திருத்தலம் இருக்கும் லூர்து நகரைப் பாருங்கள். அங்கே 1883 முதல் மருத்துவர்கள் ஆவணங்களைப் பரிசீலிக்கிறார்கள். நோய் கடுமையானதா, முன்பே பரிசோதனையில் உறுதியானதா, சட்டென்று முழுமையாகக் குணமானதா, நீடித்ததா, மருந்தால் வந்த குணமா என்றெல்லாம் கேட்பார்கள். டாக்டர்கள் சொல்வது இன்றைய அறிவுக்கு விளக்கமில்லை என்பது வரைதான். புதுமை என்று அறிவிப்பது அவரவர் மறைமாவட்ட ஆயர். 70ஆவது புதுமை 2008இல் நடந்த குணம். அறிவிப்பு வந்தது 2018இல். அங்கே பத்து வருடம், இங்கே ஒரு மாதம்.

அம்மாவிடம் ஜெபத்தை விடச் சொல்லாதீர்கள். இரவு ஜெபமாலை முடிந்ததும் மாத்திரையை அம்மா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். டப்பா திருஇருதயப் படத்துக்குக் கீழேயே இருக்கட்டும். தம்பி கூட்டத்துக்குப் போனாலும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், பத்து மணிக்குள் வீடு திரும்பட்டும். மறுபடி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள்: ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108.

சாட்சிக்குக் கூப்பிட்டவர்களிடம், மாத்திரையோடு 15 மாதம் கழித்து வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.