முதலில் வந்தவருக்கு முதற்பரிசு இல்லையா?

கேள்வி: ஆரம்ப காலத்துக் கார் ரேஸில் முதலாவதாக வந்தவருக்கு முதற்பரிசு கொடுக்கவில்லை என்கிறார் எங்கள் பக்கத்துக் கராஜ் அண்ணன். கதை விடுகிறாரா? — வாசகர், கல்லடி

பதில்: அண்ணன் சொன்னது சரிதான், அதுவும் இரண்டு தரம் நடந்தது. 1894இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை ஓடியபோது முந்தி வந்தது டி டியோன் பிரபுவின் நீராவி வண்டி. அடுப்பைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்படும் வண்டிக்குப் பரிசா என்று பெஜோ, பனார் என்ற இரண்டு கார்க் கம்பனிகளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். சரி, அதையாவது விடலாம். 1895ஐ நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பாரிஸ், போர்தோ, திரும்பப் பாரிஸ்: 1,178 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போய் வந்து, மறுபடியும் ஒருதரம் போய் வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். தோணிச் சுக்கான் மாதிரி ஒரு பிடியால் திருப்பித் திருப்பி, 48 மணித்தியாலம் 48 நிமிடத்தில் ஓடி முடித்தார் எமில் லெவசோர். ரூஃபெக் என்ற ஊரில் ஆள் மாற வேண்டும்; இவர் நினைத்ததைவிட முந்திப் போய்ச் சேர, மாற வேண்டியவர் நல்ல நித்திரை! தானே தொடர்ந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர்தான், கல்லடிப் பாலத்தில் நம் பொடியன்மார் சைக்கிளை உழக்கினாலே வரும், ஆனால் இரண்டு இரவு நித்திரை இல்லாமல் உழக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதற்பரிசு இரண்டு பேருக்கு மேல் ஏறக்கூடிய வண்டிக்குத்தான் என்று விதி. லெவசோருடையதில் இரண்டே இருக்கை. 11 மணித்தியாலம் பிந்தி வந்த கோக்லினின் பெஜோவுக்குப் போனது 31,500 பிராங்க்.

கேள்வி: அப்போது டயருக்குக் காற்றுப் போகாதா? — வாசகி, அக்கரைப்பற்று

பதில்: காற்று இருந்தால்தானே போக! பெரும்பாலும் கட்டி ரப்பர். அதே 1895 ஓட்டத்தில் மிஷ்லென் சகோதரர்கள் துணிந்து காற்றடித்த டயர் போட்டார்கள். வழியெல்லாம் பஞ்சர், கொண்டுபோன டியூப் எல்லாம் தீர்ந்து, உரிய நேரத்துக்குள் வந்து சேரவே இல்லை. ஆனால் ஆட்கள் விடவில்லை. 1906இல் லு மானில் நடந்த முதல் கிராண்ட் பிரியில் டயரோடு கழற்றி மாட்டும் ரிம்மைக் கொண்டுவந்தார்கள். ரெனோ கார் ஓட்டிய ஹங்கேரியர் ஃபெரென்ஸ் சிஸ் அதனால்தான் சுகமாக வென்றார். அந்த ரிம் இல்லாதவர்கள் கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்து, பழைய டயரைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.