ரூத்வெல் சிலுவை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பியூகாசிலில் உள்ள பழைய கற்சிலுவையைப் பார்த்துவிட்டு, அதுபோல இன்னொன்று இருக்கும் ஸ்காட்லாந்தின் ரூத்வெல் போனேன். முன்னது மழையிலும் காற்றிலும் ஆலய வளாகத்தில் நிற்கிறது, என்ன கம்பீரம்! ரூத்வெல்லில் இருப்பதையோ ஒரு சின்ன தேவாலயத்துக்குள் குழி தோண்டி இறக்கியிருக்கிறார்கள், சிறை மாதிரி. வெளியே வைத்தால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அந்தக் குழி எனக்கும் பிடிக்காது. ஐந்தரை மீட்டர் சிலுவை அந்தக் கூரைக்கு அடங்காததால் 1887ல் இதற்கென்றே ஒரு மாடம் கட்டி, தரையையும் தோண்டினார்கள். ஆனால் வெளியே வேண்டாம். பியூகாசிலில் பெரிய கல்வெட்டு ஒன்று இருந்ததே, கவனித்தீர்களா? அந்த ரூனிக் எழுத்துகள் (பழைய ஜெர்மானிய எழுத்துமுறை) மழையில் கரைந்து, என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள்.

ரூத்வெல்லும் சும்மா பிழைக்கவில்லை. விக்கிரகம் என்று சொல்லி 1642ல் திருச்சபையே உடைக்கச் செய்தது. துண்டுகள் ஆலயத்துக்குள்ளேயே கிடந்து, அப்புறம் வெளியே வளாகத்துக்குப் போயின. அவற்றைச் சேர்த்து 1823ல் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியவர் அதே ஊர்ப் போதகர் ஹென்றி டங்கன். (1810ல் ஏழைகளுக்காகச் சேமிப்பு வங்கி தொடங்கியவரும் இவர்தான்.) குறுக்குக் கை கிடைக்காமல் அவரே புதிதாகச் செய்து வைத்தார், எனக்கு அது ஒட்டவே இல்லை, நீங்கள் படம் எடுத்திருந்தால் அந்தக் கைகளை எட்டாம் நூற்றாண்டு என்று போட்டுவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு திராட்சைக் கொடியைச் சுற்றி ஓடும் ரூனிக் வரிகளில் கணிசமானவை மிஞ்சின. பலர் அவற்றைத் தாறுமாறாகப் படித்திருந்த நிலையில், 1840ல் ஆங்கிலேய மொழியறிஞர் ஜான் மிட்செல் கெம்பிள் இது பழைய ஆங்கிலக் கவிதை, பேசுவது சிலுவையேதான், தான் இரத்தத்தில் நனைந்ததை அதுவே சொல்கிறது என்றார். அப்புறம்தான் இத்தாலியின் வெர்செல்லியில் 1822ல் கிடைத்திருந்த பத்தாம் நூற்றாண்டுச் சுவடியின் பாடம் அவர் பார்வைக்கு வந்தது. அதிலுள்ள நீண்ட கவிதையில் கிட்டத்தட்ட அதே வரிகள்! கல்லை மட்டும் வைத்துக்கொண்டு அவர் படித்தது சரியாக இருந்தது. இன்னும் ஒரு நூற்றாண்டு வளாகத்தில் கிடந்திருந்தால் அவருக்குப் படிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

அடுத்த முறை போனால் டார்ச் எடுத்துப் போங்கள். நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால், இயேசுவின் பாதத்தைக் கூந்தலால் துடைக்கும் மக்தலேனாவின் அந்தப் பெரிய கை நன்றாகத் தெரியும்.