கேட்டெழுதுங்கள்: மூலத்தில் பிறந்த பாரதி

இரண்டு இதழுக்கு முன் பாரதியார் நினைவுப் பக்கத்தில், அவர் பிறந்தது மூல நட்சத்திரத்தில் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பக்கம் முழுக்கக் கவிதையைப் பற்றித்தான் எழுதியிருந்தேன், அதற்கு வந்தது ஒரே ஒரு கடிதம். மூலத்துக்கு வந்ததை எண்ணி முடியவில்லை. சரி, இந்த முறை சாத்திரத்தையே வைத்துக்கொள்வோம்.

பாரதியின் வறுமை, தலைமறைவு, சிறை, யானை, இளவயதுச் சாவு எல்லாமே அவருடைய சாதகத்தில் இருக்கிறது என்று ஒருவர் கட்டம் போட்டு விளக்கினார். கேட்கக் கேட்கப் புல்லரித்தது. அந்தக் கட்டத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டக்கச்சி*

எனக்கும் புல்லரித்தது சேர், அதனால்தான் ஒரு கிழமை அதோடேயே இருந்தேன்.

சித்திரபானு வருடம் கார்த்திகை 27, திங்கட்கிழமை, இங்கிலிசுக் கணக்கில் 1882 டிசெம்பர் 11. லக்கினத்தை நான் தொடவில்லை, நாளும் நட்சத்திரமும் இருந்தாலே கொஞ்சம் சொல்லலாம். சூரியன் விருச்சிகத்தின் கடைசிப் பகுதியில், சந்திரன் தனுசில், அதாவது அமாவாசை கழிந்த கையோடு பிறந்த பிள்ளை. சுக்கிரன் விசயம்தான் ருசியானது. பாரதி பிறப்பதற்குச் சரியாக ஐந்து நாள் முன்னம், டிசெம்பர் 6ஆம் தேதி, வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போனது. அதற்கு அடுத்தது 121 வருடம் கழித்து 2004 ஜூன் 8. அன்று மத்தியானம் பரந்தனில் ஒரு வெல்டிங் கடைக்காரரிடம் கறுத்தக் கண்ணாடி இரவல் வாங்கிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, எள்ளு மாதிரி ஒரு பொட்டு, அவ்வளவுதான், கடைக்காரர் "இதுக்கோ இவ்வளவு எடுப்பு" என்று கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆகவே பாரதி பிறந்தபோது சுக்கிரன் சூரியனை ஒட்டிக்கொண்டு, வக்கிரத்தில் (பின்னோக்கி நகர்கிற மாதிரித் தெரிகிற நிலையில்), விருச்சிகத்தில்.

சாத்திரம் தெரிந்தவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கலைக்கும் கவிதைக்கும் காரகன் சுக்கிரன், அவன் சூரியனுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டு நிற்கிறான், ஆகவே கவிஞன் ஆனால் தரித்திரம். களத்திர காரகனும், அதாவது மனைவிக்குரியவனும் அவனே, ஆகவே செல்லம்மா பட்ட பாடு. நட்சத்திர அதிபதி கேது, ஆகவே ஞானமும் பற்றின்மையும். எல்லாம் அச்சொட்டாகப் பொருந்துகிறது. ஆனால் வெள்ளி சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் ஒருபோதும் விலகாது, அதனால் எரிந்த சுக்கிரனோடு பிறந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், கிளிநொச்சிச் சந்தையில் வெங்காய மொத்த வியாபாரம் செய்கிற, மூன்று லொறி வைத்திருக்கிற ஒருவர் உட்பட.

இனித் திசைக்கு, அதாவது ஒவ்வொரு கிரகமும் முறைவைத்து ஆளுகிற காலத்துக்கு வருவோம். மூலத்தில் பிறந்தால் முதலில் கேது திசை, முழுதாக 7 வருடம், சந்திரன் மூலத்தில் எவ்வளவு தூரம் போயிருந்ததோ அவ்வளவைக் கழித்து மிச்சம். பிறகு சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். மூலம் தொடங்கின கையோடு பிறந்திருந்தால் பாரதிக்குச் சுக்கிர திசை 1909 முடிவு வரை போகும், மூலம் முடிகிற தறுவாயில் பிறந்திருந்தால் 1902 முடிவிலேயே தீர்ந்துவிடும். அந்த ஏழு வருடத்துக்குள் அவருக்கு என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள்: 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியர், அதே வருடம் சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரன், பிறகு இந்தியா பத்திரிகை, 1908இல் வெள்ளைக்காரன் பிடிக்க முன்னம் பாண்டிச்சேரி. முதல் கணக்கை எடுத்தால் "சுக்கிர திசையல்லவா, எழுத்து பொங்கியது" என்பார்கள். இரண்டாவதை எடுத்தால் "சூரிய திசை, சூரியன் என்றால் அரசு, அரசோடு மோதல்" என்பார்கள். இரண்டுமே கேட்க நன்றாக இருக்கிறது பாருங்கள், எனக்கு அதுதான் இடிக்கிறது.

நான் செய்த ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கட்டத்தைப் பெயரும் ஆண்டும் இல்லாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு சாத்திரியாரிடம் போனேன். அக்காவின் பேரன், படிப்பு எப்படி என்று கேட்டேன். சனி நிற்கிற இடத்தை வைத்தே இது இந்தக் காலத்துப் பிள்ளையில்லை என்று அவர் பிடித்திருக்கலாம், அன்றைக்கு அவருக்கு எங்கேயோ வீடுகுடிபுகுதலுக்கு நாள் வைத்துக்கொடுக்கிற அவசரம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு வெளிநாட்டு யோகம் திறமாக் கிடக்கு. பாட்டு எழுத்து எண்டு அலைய விடாதேங்கோ, கணக்குப் பக்கம் விடுங்கோ. நாப்பதுக்குப் பிறகு பேர் எடுப்பான்."

(கவிஞரின் தகப்பனார் சின்னசாமி ஐயரும் ஏறக்குறைய அதைத்தான் நினைத்தார், திருநெல்வேலி இந்துக் கல்லூரிக்கு இங்கிலிசு படிக்க அனுப்பினார்.)

அப்போதுதான் இது யாருடைய கட்டம் என்று சொன்னேன். மனிசன் அசையவில்லை. "பாண்டிச்சேரி அப்ப ஆற்றை? பிரெஞ்சுக்காரன்ரை. பத்து வருசம் இருந்தவர். வெளிநாடு தானே?" என்றார். சரி, நாற்பதுக்குப் பிறகு பேர் என்றீர்களே, அவர் 38 வயதிலேயே போய்விட்டாரே என்று கேட்டேன். "பேர் எப்ப வந்தது? அதைச் சொல்லும் பாப்பம்." எட்டயபுரத்தில் மணிமண்டபம் திறந்தது 1947இல். சென்னை அரசு அவருடைய எழுத்துகளின் உரிமையை வாங்கியது 1949இல். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

அவர் பொய்க்காரர் இல்லை, அதைச் சொல்லவேண்டும். வாழ்க்கை முழுக்கத் தெரிந்த ஒருவரின் கட்டத்தைப் பார்க்கும்போது விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டுக் கணக்குச் செய்கிறோம், வழி எப்படியும் வந்துவிடும். ஐந்து வயதில் தாய் போனதற்கு ஒரு கிரகம், 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிவிட்டதற்கு ஒரு கிரகம். அந்த யானையிடமிருந்து அவர் பிழைத்து எழும்பி, ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் வயிற்றுக்கடுப்பில் செத்தார். யானைக் கண்டம் சொல்கிற கட்டங்களில் வயிற்றுக்கடுப்பை நான் பார்க்கவில்லை.

பாரதிக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இருந்ததா?
*உயர்தர மாணவி, மாங்குளம்*

புதிய ஆத்திசூடியை எடுத்துப் பாரும் பிள்ளை. "சோதிடந் தனையிகழ்" என்று ஒரு வரி. அதே பாட்டின் கடைசிப் பக்கமாக "வானநூற் பயிற்சிகொள்" என்று இன்னொரு வரி. பரீட்சைக்கு இரண்டையும் சேர்த்து எழுதும், முதலாவதை மட்டும் எழுதினால் அரைவாசிதான். சுயசரிதைப் பாட்டிலும், பன்னிரண்டு வருடம் கணிதம் படித்தவனுக்கு வானத்தில் ஒரு மீனின் நிலை தெரியவில்லையே என்று இங்கிலிசுப் படிப்பைக் கிண்டல் செய்திருப்பார். 1910இல் ஹேலி வால்வெள்ளி வந்தபோது அதற்கும் ஒரு பாட்டு, அதன் வால் வெறும் மெல்லிய வாயு, ஒருவருக்கும் கெடுதல் செய்யாதாமே என்று எழுதிவிட்டு, கடைசியில் அதனிடமே உன் வரவால் நாட்டில் புதுமைகள் விளையுமாமே, பொய்யா மெய்யா என்றும் கேட்கிறார். மனிசருக்குக் கொஞ்சம் ஆசை இருக்கத்தானே செய்யும்.

பாரதி நினைவு நாள் செப்டெம்பர் 11 என்றும் 12 என்றும் போடுகிறார்கள். எது சரி?
*முள்ளியவளை வாசகர்*

உயிர் பிரிந்தது நடுச்சாமம் தாண்டி. மணிக்கூட்டுக் கணக்கில் அது 12. விடிந்தால்தான் அடுத்த நாள் என்கிற நம்முடைய பஞ்சாங்கக் கணக்கில் அது 11. திதி கொடுக்கிறவருக்கு ஒன்று, மாநகரசபைப் பதிவுக்கு மற்றது.

நான் பிறந்தது 1999 தை மாதம், புதுக்குடியிருப்பில். சாதகம் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அம்மாவுக்கு "பின்னேரம் 6.10" என்பது மட்டும் ஞாபகம். இப்போது கலியாணம் பேசுகிறார்கள், புதிதாக எழுதப் போனால் சாத்திரியார் "பழைய நேரமா புதிய நேரமா" என்கிறார். அது என்ன?
*முத்தையன்கட்டுத் தம்பி*

தம்பி, அந்தச் சாத்திரியாரை விட்டுவிடாதேயும், விசயம் தெரிந்தவர். 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. மிச்ச அரை மணித்தியாலத்தை 2006 ஏப்ரலில்தான் விட்டது. அந்தப் பத்து வருடமும், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஓமந்தை தாண்டிப் போகிறவர்கள் மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டு போனார்கள், கொழும்பிலிருந்து கடிதத்தில் ஒரு நேரம் எழுதி வந்தால் எந்த நேரம் என்று கேட்கவேண்டி இருந்தது.

அரை மணித்தியாலத்துக்கு லக்கினம் ஏழரைப் பாகை நகரும். ஒரு ராசி 30 பாகை, ஆகவே நாலு பிள்ளையில் ஒன்றுக்கு லக்கினமே மாறிவிடும். சுக்கிர திசையில் பிறந்த பிள்ளை என்றால் திசை இருப்பில் ஐந்து மாதம் அங்குமிங்கும்.

அம்மாவிடம் மணியைக் கேட்காதேயும், வெளிச்சத்தைக் கேளும். தை மாதம் உங்கள் பக்கம் பழைய நேரப்படி ஆறு மணி கழிந்து சில நிமிடத்தில் பொழுதுபடும். நீர் பிறந்தபோது விளக்கு வைக்கிற நேரமென்றால் 6.10 பழைய நேரம். முற்றத்தில் இன்னும் வெயில் கிடந்தது என்றால் அது புதிய நேரம், பஞ்சாங்கத்துக்கு 5.40 என்று கொடும். அம்மம்மா இருந்தால் அவவிடமும் தனியாகக் கேளும். இருவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டால் ஒருவர் சொல்வதையே மற்றவரும் சொல்லுவார்.

இதையெல்லாம் செய்துவிட்டு, பெட்டையோடு ஒருக்கா நேரே கதைத்தும் பாரும்.

மகளுக்கு மூல நட்சத்திரம். மூன்று இடத்தில் பேசி, மூன்றும் "பெண் மூலம் நிர்மூலம், மாமனாருக்கு ஆகாது" என்று நின்றுவிட்டது. பாரதிக்கும் மூலம் என்று எழுதினீர்கள். எனக்கு ஏதாவது சொல்லுங்கள்.
*ஒரு தாய், மல்லாவி*

அக்கா, "ஆண் மூலம் அரசாளும்" என்பது அதன் முன்பாதி. பாரதி ஆண் மூலம். ஐந்து வயதில் தாய் இல்லை, பதினைந்தில் தகப்பன் இல்லை, எட்டயபுரம் அரண்மனையில் வேலைக்குப் போய் அங்கேயும் நிலைக்கவில்லை, வீட்டில் அரிசிக்கு வழியில்லாத நாட்கள். எந்த அரசை ஆண்டார்? முன்பாதி இப்படி என்றால் பின்பாதியை மட்டும் ஏன் உங்கள் மகளின் தலையில் கட்டுகிறார்கள்?

"ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்பதுதான் சரியான சொல் என்று சொல்லுகிற சாத்திரியார்மாரும் இருக்கிறார்கள். ஆனி மாதத்தில் மூலம் பறுவத்தை ஒட்டி வரும், நிறைந்த சந்திரன், அதனால் நல்லது என்பது அவர்களுடைய நியாயம். 'ஆனி' ஆணாகி, 'பின்' பெண்ணாகிவிட்டதாம். எனக்கு இந்த நியாயத்திலும் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் சாத்திரம் பேசுகிற வீட்டில் சாத்திரத்தையே எடுத்துக் கதைத்தால் காது கொடுப்பார்கள், அதற்காகச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் ஏற்கெனவே காலமான வீடாகப் பாருங்கள் என்று சிலர் உங்களுக்குப் புத்தி சொல்லுவார்கள், சொல்லியிருப்பார்கள். அந்தப் புத்தியைக் கேட்காதேங்கோ. அது மகளின் மீது சுமத்திய பழியை ஒப்புக்கொண்டது மாதிரி.

சாத்திரக்காரரை இவ்வளவு நக்கல் அடிக்கிறீர்களே, பிறகு ஏன் அவரிடம் போய்த் தேத்தண்ணி குடிக்கிறீர்கள்?
*நெடுங்கேணி வாசகர் (போன மாதமும் இதே ஆள்தான்)*

2009க்குப் பிறகு, செட்டிகுளம் முகாமிலிருந்து சனம் ஊருக்குத் திரும்பின காலத்தில், அவருடைய திண்ணையில் காலையில் இடம் இருக்காது. எல்லாம் தாய்மார். கையில் சாதகமும் இல்லை, பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, பிள்ளை இருக்கிறானா என்று ஒரே கேள்வி. ஒருநாள் கூட்டம் போனபிறகு நான் கேட்டேன், நீங்கள் என்னத்தைச் சொல்லுகிறீர்கள் என்று. "ஒருத்திக்கும் இல்லை எண்டு சொன்னதில்லை. காசும் வாங்கினதில்லை" என்றார். அப்படிச் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை முடிவெடுக்க முடியவில்லை. பால் தேத்தண்ணிதான் தருவார், சீனி கொஞ்சம் கூட.